வாய் திறக்காத சிறுமியைத் தேடி

தூத்துக்குடியில் இறங்கியதும் என் கொண்டை அவிழ்ந்தது. அந்த ஊர்க் காற்றுக்குப் பெண்பிள்ளையின் தலைமுடியில் என்ன விரோதமோ தெரியவில்லை. ஸ்டேஷன் வாசலில் நின்று முடியை அள்ளி முடிந்துகொண்டே நாட்களை எண்ணினேன். இன்று திங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பியாக வேண்டும். அடுத்த புதன்கிழமை பினாங்கில் அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். டாக்டர் வாயிலிருந்து "பார்க்கலாம்" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் வாங்க முடியவில்லை.

அப்பா என்னை அனுப்பியது ஒரே ஒரு கேள்விக்காக. ஏழு வயதில் அவரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி, சொந்தக்காரர் ஒருவர் பினாங்குக்குக் கூட்டிப்போனார். அம்மா வந்து வழியனுப்பினாள். உயிராயிருந்த அக்கா லூர்தம்மாள் வரவில்லை. அவளுக்கு அப்போது பதினொரு வயது. அதன்பிறகு ஐம்பது வருஷமாக அப்பா கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒன்றும் திரும்பி வரவும் இல்லை. "அப்படின்னா வாங்கிக்கிறா. நான் கப்பலேறின அன்னிக்கு ஏன் வரலைன்னு கேட்டுக்கிட்டு வா ஸ்டெல்லா. தெரியாம மயக்க மருந்து போட்டுக்க எனக்கு மனசில்லை" என்றார். படுத்திருக்கும் மனிதரோடு எப்படி வாதாடுவது?

அக்காவின் அடையாளமாக அவரிடம் இருந்தது ஒரு படம். அதன் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா வாலிப வயதில் பினாங்கில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே முதலாளி வரவழைத்த கலைப்படத் தொகுப்புகள் அலமாரி நிறைய இருந்தன. ஒரு நாள் தூசி தட்டப்போய் ஒரு பக்கத்தில் தன்னையே பார்த்தார். முத்துக்குளிப்புக் காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை தூத்துக்குடிக் கடற்கரையில் எடுத்த படம். கையில் குச்சியோடு முக்கால் முதுகு காட்டி நிற்கும் பையன் அப்பா. அவருக்கு எதிரே உதட்டை இறுக மூடிக்கொண்டு, கண்மட்டும் மினுங்க நிற்கும் சிறுமி அத்தை. பின்னால் மணல் மேடும் கடலும் புகைபோலக் கரைந்திருக்கும். அடியில் இங்கிலீஷில் 'அடக்க முடியாத சிரிப்பு' என்று அர்த்தம் வரும்படி ஒரு தலைப்பு. அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே திருட்டு அதுதான்.

அந்தக் காலத்துக் கலைப்படக்காரர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. படம் பளிச்சென்று விழுந்தால் அது கலை இல்லை என்பார்கள். லென்ஸின்மேல் மெல்லிய துணியைக் கட்டியும் வாஸலினைத் தடவியும் எல்லாவற்றையும் பனிமூட்டமாக்குவார்கள். அந்த மூட்டத்துக்குள் நிற்க அவர்களுக்குக் குழந்தைகள் வேண்டும். சோப்புக் குமிழி ஊதும் குழந்தை, வளையம் உருட்டும் குழந்தை, மணல்வீடு கட்டும் குழந்தை என்று பக்கத்துக்குப் பக்கம் விளையாட்டுதான். எடுத்தவர்களோ மீசையும் கோட்டுமாகப் பெரிய மனிதர்கள். தாங்கள் தொலைத்ததை ஊரான் பிள்ளைகளிடம் தேடினார்கள் என்று நினைக்கிறேன். அவர்களைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. அதே ஸ்டுடியோவில் நான் 'டச்சிங்' வேலை செய்கிறேன். நெகட்டிவில் பென்சிலால் தொட்டுத் தொட்டு, பரு, தழும்பு, சுருக்கம் எல்லாவற்றையும் இல்லாமல் ஆக்குவது என் பிழைப்பு.

படத்தில் நடப்பது என்ன விளையாட்டு என்று அப்பா எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். 'வாய்காட்டு' என்று பெயர். ஒருத்தி புளியங்கொட்டையை வாயில் அதக்கிக்கொள்ள வேண்டும். இன்னொருவன் கங்காணி. அவன் குச்சியை ஆட்டி "வாயைத் தொற!" என்று அதட்டி, கோணங்கித்தனமெல்லாம் செய்து சிரிக்க வைக்க வேண்டும். சிரித்தால் போச்சு. அப்பாவும் நானும் பினாங்கு வீட்டில் விழுந்து விழுந்து ஆடியிருக்கிறோம்.

லாட்ஜ் மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கூட ஆம்பளையாளு யாரும் வரலியாம்மா?" என்றார். வரவில்லை என்றேன். "பொறவு வருவாவளா?" எப்போதும் வரமாட்டார்கள் என்றேன். பாஸ்போர்ட்டைப் புரட்டி, அதிலிருந்த என் படத்தையும் என்னையும் மூன்று முறை ஒத்துப் பார்த்துவிட்டுச் சாவியைத் தந்தார். குழாய்த் தண்ணீர் கரித்தது, காபியும் கரித்தது. ஆனால் கீழே கடையில் சாப்பிட்ட புரோட்டாவுக்கு ஈடு சொல்ல பினாங்கில் ஒன்றும் கிடையாது. எண்ணெயில் பொரித்து நொறுக்கிச் சால்னாவில் குளிப்பாட்டித் தருகிறார்கள். உட்கார்ந்து சாப்பிடப் பொறுமையில்லாமல் பாதியில் எழுந்தேன். "ஏன்ம்மா, ருசியில்லியா?" என்று கடை அண்ணாச்சி வருத்தப்பட்டார். அவருக்காக மீதியை நின்றபடியே தின்றேன்.

கடிதத்து விலாசம் மாதா கோயிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்த ஒரு சந்து. மணலில் செருப்பு புதைந்தது. ஓட்டு வீட்டு வாசற்படியில் ஓர் அம்மாள் உட்கார்ந்து சீலா மீனை முதுகோடு கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, வெற்றிலைக் காவி, முகமெல்லாம் சுருக்கம். தொழில் புத்தியில், இந்த முகத்துக்கு இரண்டு பென்சிலாவது தேயும் என்று நினைத்துக்கொண்டேன்.

"லூர்தம்மாள் வீடு இதுதானே?"

கத்தி நின்றது. "நீ யாரு? எங்கனருந்து வாரே?"

சொன்னேன். என் செருப்பிலிருந்து கொண்டை வரை பார்த்தாள். "அவ இங்கன இல்ல. நாசரேத்துக்குப் போயிருக்கா, ஆஸ்பத்திரிக்கு. நான் பக்கத்து வீடு" என்று சொல்லிவிட்டு மீனுக்குத் திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் வாழை, நெல், ஆற்றுத் தண்ணீர். ஆழ்வார்திருநகரியில் வண்டி நின்றபோது நாமம் போட்ட ஒரு பெரியவர் ஏறினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கழுத்தில் சிலுவை போட்ட பெண்ணிடம், "உன் மவளுக்குப் பேறு காலம் எப்போ?" என்று விசாரித்துக்கொண்டே வந்தார். நாசரேத்தில் ஆஸ்பத்திரி, கோயில், பள்ளிக்கூட வாசல் எல்லாம் ஏறி இறங்கினேன். அப்படி ஒரு லூர்தம்மாளை யாருக்கும் தெரியவில்லை. ஒரு நர்ஸ் மட்டும், "தூத்துக்குடிக்காரங்க அங்கயே ஆஸ்பத்திரி இருக்க இங்க எதுக்கு வாராங்க?" என்று கேட்டாள். அதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் அதே படி, அதே அம்மாள். "நாசரேத்துன்னா சொன்னேன்? சாத்தான்குளம்லா. அங்கன ஒரு கலியாணம்" என்றாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

புதன்கிழமை சாத்தான்குளம். இந்தப் பக்கம் செம்மணல் மேடுகளான தேரியும் பனையும்தான். நடுவழியில் பஸ் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. பினாங்கில் பஸ் நின்றால் ஜனங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஆண்கள் பனை நிழலுக்குப் போய் பீடி பற்றவைத்தார்கள். பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். நான் மட்டும் ரோட்டில் மேலும் கீழும் நடந்தேன். "அந்தம்மாவுக்குக் காலுல எறும்பு ஏறிட்டுதோ?" என்று ஒருத்தி கேட்க, "பட்டணத்துக்காரி, அப்படித்தான் நிப்பா" என்றாள் மற்றவள். பிறகு கூப்பிட்டு, பனங்கிழங்கு ஒன்றை உரித்துக் கையில் கொடுத்தாள். நார் பல்லில் மாட்டிக்கொண்டது. அவர்கள் சிரித்தார்கள். அந்த நாளில் நானும் சிரித்தது அப்போது ஒரு முறைதான். சாத்தான்குளத்தில் அன்று கல்யாணம் எதுவும் இல்லை. முகூர்த்த நாளே இல்லையாம்.

வியாழக்கிழமை எனக்குத் தூக்கமும் இல்லை, நிதானமும் இல்லை. காலையில் துறைமுகத்துப் பக்கம் சுற்றினேன். கொழும்புக்குப் போகும் தோணிகளில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எந்த இடத்தில் நின்று அப்பா கப்பலேறியிருப்பார் என்று ஒருவரைக் கேட்டேன். "அப்போ கரையிலருந்து படகுல போயி, நடுக்கடல்ல நிக்குற கப்பல்ல ஏறணும். அந்த எடமெல்லாம் மாறிப்போச்சு" என்றார். ஏழு வயசுப் பையன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்திருப்பான். மறுநாள் ரயில். கேள்வி மடியிலேயே இருந்தது.

கடைசி முயற்சியாக மக்ரூன் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு சந்துக்குப் போனேன். முந்திரியும் முட்டையும் சேர்த்துச் செய்த கூம்பு. வாயில் போட்டதும் கரைந்துவிடும். பக்கத்து வீட்டு அம்மாள் அப்போதும் மீன் கீறிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் படியில் வைத்தேன்.

"நாளைக்குப் போறேன். அத்தை வந்தா இந்தப் படத்தையாவது கொடுங்க. தம்பி கொடுத்தனுப்பினது."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். தூரத்தில் வைத்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் விரல் சிறுமியின் இடது கன்னத்தில் போய் நின்று, அங்கேயே தேய்த்தது.

"இது அவ இல்ல" என்றாள் சட்டென்று. "கன்னம் இப்படி இருக்காது."

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை மைல் கடந்து வந்து, இரண்டு நாள் புழுதியைத் தின்று, கடைசியில் ஆளே இல்லை என்கிறாளே! வாயைத் திறக்கப்போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கன்னம். அப்பாவின் கிழித்த பக்கத்தில் அந்த இடது கன்னத்தில் ஒரு சின்னப் புடைப்பு உண்டு. பயணத்துக்காக நான் அதை நகலெடுத்தபோது, நெகட்டிவில் அந்தப் புடைப்பைப் பென்சிலால் தொட்டுச் சமன் செய்திருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்துவிட்டது. விளையாட்டின் புளியங்கொட்டை என்றுகூட யோசிக்கவில்லை.

அப்படியானால் கன்னம் எப்படி இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரிக்கு எப்படித் தெரியும்?

நிமிர்ந்து பார்த்தேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோசனையில் அவள் நாக்கு உள்ளேயிருந்து இடது கன்னத்தைத் தள்ளியது. அந்தப் புடைப்பு, அதே இடத்தில், அதே அளவில். பிறந்ததிலிருந்து பார்த்துவந்த முகம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

"அத்தே" என்றேன்.

மறுக்கவில்லை. "உங்கப்பன் காயிதம் போட்டிருந்தான், மவ வாரான்னு. என்ன கேப்பேன்னும் தெரியும். போயிருவேன்னு நெனச்சேன். நீயும் அவன மாதிரி விடாக்கண்டியா இருக்கியே ஏளா" என்றாள். கத்தியைக் கீழே வைத்தாள். "கன்னத்த என்ன செஞ்ச?"

சொன்னேன். "அழிச்சுப்போட்டியா? அதுலதான எல்லாம் இருந்துது" என்றாள்.

பிறகு அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"வாய்காட்டு என்ன, நாங்களா கண்டுபிடிச்ச விளையாட்டுன்னு நெனச்சியா? முத்துச்சிப்பிய மலை மாதிரி குமிச்சு அழுக விடுவாவ. அழுகின பொறவு பொம்பளையளு கழுவணும். எங்க அம்மையும் கழுவுனா. கழுவுத கை வாய்கிட்ட போவக்கூடாது. வெளிய போம்போது கங்காணிகிட்ட வாயைத் தொறந்து காட்டணும், முத்த ஒளிச்சிருக்கமான்னு. அதப் பாத்துப் பாத்துப் பிள்ளைய விளையாடுனோம். எங்க அய்யா அந்த வருசந்தான் கடலோட போயிட்டாவ. சின்னையா உங்கப்பன பினாங்குக்குக் கொண்டுபோறேன்னு நிக்காவ. அம்மைக்கு மனசில்ல, ஆனா சோத்துக்கு வழி வேணும்லா. அன்னைக்கு நான் மணலுக்குள்ள கைய விட்டு அளைஞ்சிட்டிருக்கேன், ஒண்ணு கெடைக்குது. நல்ல மொளகு பருமன். வாயில போட்டுக்கிட்டேன். அது இருந்தா தம்பி போவண்டாம். அம்புட்டுத்தான் நெனச்சேன்."

அந்த நேரம் பார்த்துத்தான் துரை காமிராவோடு வந்திருக்கிறார். கூடவே கங்காணியும். பிள்ளைகள் விளையாடுவது போலப் படம் வேண்டுமாம். அப்பா குச்சியை எடுத்துக்கொண்டு, நிஜக் கங்காணி பார்த்திருக்கவே அவனைப் போலவே நெஞ்சை நிமிர்த்தி, "வாயைத் தொற!" என்று அதட்டியிருக்கிறார். துரைக்கு ஒரே குஷி. ஆடாமல் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் நெடுநேரம் எடுக்கவில்லை.

"அவன் வெளையாடுதான். நான் வெளையாடல்ல. நாக்கால முத்தக் கன்னத்துல அமுக்கிப் புடிச்சிருக்கேன். வேர்த்து ஊத்துது. அவன் மொகம் காமிராவுல விழல்லலா, மூக்க வெடச்சு, கங்காணி மாதிரியே கண்ண உருட்டுதான். துரை முடிஞ்சுதுன்னு தலைய எடுத்தாரு. அந்தாக்கில சிரிச்சுட்டேன்."

"சிரிச்சதும்?"

"உள்ள போயிருச்சு."

அத்தை சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "வீட்டுல அம்மைகிட்ட சொன்னேன். அவ அடிக்கல்ல. வெளக்கெண்ணெயக் கிண்ணம் நெறைய ஊத்திக் குடின்னா. மறுநாளும் குடின்னா. மூணாம் நாள் கப்பல். நான் எப்படி ஏளா வருவேன்? காலையிலருந்து கொல்லையிலதான் கெடந்தேன். வந்துரும், வந்துரும், வந்தா ஓடிப்போயி கரையில வச்சே அவனப் புடிச்சு நிறுத்திரலாம்னு. கொல்லையில இருக்கும்போதே கப்பல் ஊதுத சத்தம் கேட்டுது."

"முத்து?"

"வரவேயில்ல." வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "இங்கனதான் எங்கயாம் கெடக்கும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அழுதேன். ஒரு கடிதம் போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "எனக்கு எழுதத் தெரியாது. களவையும் வயித்துப்போக்கையும் மாதா கோயில் சாமியார்கிட்ட சொல்லியா எழுதச் சொல்லுதது?" என்றாள். சுகமாயிருக்கிறேன் என்று வேறு எதையாவது எழுதியிருக்கலாமே? "அது பொய்யில்லா" என்றாள். என்னை இரண்டு நாள் பஸ்ஸில் அலைய விட்டவள் சொல்கிறாள்!

"அப்பா மேல கோபமா அத்தே?"

"பத்து வருசம் கோவம். சிரிக்க வச்சதாலதான போனான். பொறவு என் மேல கோவம், சிரிச்சது நான்லா." மக்ரூன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கரைய விட்டாள். "முத்துக் கதைய அவன்கிட்ட சொல்லாத மருமவளே. தன்னாலதான்னு சாகுத வரைக்கும் நெனப்பான். ஏன் வரலன்னு கேட்டா, வயித்தால போச்சுன்னு சொல்லு. அது பொய் இல்ல."

கிளம்பும்போது காமிராவை எடுத்தேன். பழக்கதோஷத்தில், "கொஞ்சம் சிரிங்க அத்தே" என்றேன். அவள் உதட்டை இறுக மூடி, நாக்கால் இடது கன்னத்தைத் தள்ளிக்கொண்டு, கண்மட்டும் மினுங்க என்னைப் பார்த்தாள். லென்ஸைக் கூர்மையாகத் திருகி எடுத்தேன்.

பினாங்கில் அந்தப் படத்தை நானே கழுவிப் பிரதி போட்டேன். பென்சிலை எடுக்கவேயில்லை. ஒரு சுருக்கத்தையும் தொடவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை அப்பாவின் கையில் கொடுத்தேன். அந்த ஆபரேஷனுக்குப் பிறகும் அவர் பல வருஷம் நன்றாகவே இருந்தார், அக்கம்பக்கத்தாரை எழுதச் சொல்லி அத்தையும் பதில் போட்டாள். இருவரும் இப்போது இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, படத்தை நோக்கி விரலை ஆட்டி, "வாயைத் தொற!" என்றார்.

"ஏன் வரலையாம்?"

"வயித்தால போச்சாம்ப்பா. விளக்கெண்ணெய் கொடுத்திருக்காங்க. கொல்லையை விட்டு வர முடியலையாம்."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். கட்டில் ஆட, நர்ஸ் ஓடிவர, கண்ணில் தண்ணீர் ஓடச் சிரித்தார். "அவ்வளவுதானா? அம்பது வருஷமா நான் என்னென்னவோ நினைச்சுக்கிட்டு... அவ்வளவுதானா ஸ்டெல்லா? நீ ஏன் சிரிக்காம நிக்கறே?"

நான் உதட்டை இறுக மூடிக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.